வண்டைவிட அதன் சீட்டு முக்கியம்: தோட்டத்து மாதிரிகளைச் சேர்த்து வைப்பது பற்றி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள குளுவாங் என்ற ஊர்ப்பெயர் 'கெலுவாங்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. பெரிய பழவௌவாலுக்குத்தான் அந்தப் பெயர். இந்த வட்டாரத்தில் அவை ஏராளமாக இருந்திருக்கின்றன என்பதை ஊரின் பெயரே சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் அது எதையும் சொல்லாது. தீபகற்ப மலேசியாவில் டெரோபஸ் வாம்பைரஸ், டெரோபஸ் ஹைப்போமெலானஸ் என்று இரண்டு பெரும் பழவௌவால் இனங்கள் உண்டு. இங்கே இருந்தது எது? எந்த மரங்களில் தொங்கின? எந்த ஆண்டுக்குப் பிறகு குறைந்தன? ஊர்ப்பெயரிடம் கேட்டால் பதில் வராது. ஒரே ஒரு தோலும் மண்டையோடும், அதன் காலில் கட்டிய ஒரு துண்டுச் சீட்டும் ஏதாவது ஓர் அருங்காட்சியக அலமாரியில் இருந்தால், அது இந்தக் கேள்விகளில் பாதிக்காவது பதில் சொல்லும்.

மாதிரி என்பது காட்சிக்கு வைக்கிற பொருள் அல்ல. அது ஒரு சாட்சி. இன்ன உயிர், இன்ன இடத்தில், இன்ன நாளில் இருந்தது என்பதற்கு அந்த உயிரே சாட்சி. சீட்டு கழன்று போனால் அந்தச் சாட்சி ஊமையாகிவிடும். பள்ளி அறிவியல் அறைகளில் சீட்டு இல்லாமல் ஃபார்மலினில் மிதக்கும் பாம்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். ஓர் உயிரைக் கொன்றும் அதனால் யாருக்கும் ஒரு தகவலும் கிடைக்காமல் போய்விட்டதே என்ற வலி.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த ஓர் உயிரிலிருந்து தொடங்குகிறேன். ஆண் பூங்குலை விரியும்போது சோம்பு மணம் வரும். அந்த மணத்துக்கு ஆயிரக்கணக்கில் மொய்க்கும் சின்னக் கரும்பழுப்பு வண்டு ஒன்று உண்டு. நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர், முன்னால் வளைந்த மூக்கு. அதன் பெயர் எலைடோபியஸ் காமெரூனிகஸ், கூன்வண்டு வகை. இந்த வண்டு மலேசியாவைச் சேர்ந்தது அல்ல. ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்து, 1981 பிப்ரவரியில் முதன்முதலாகத் திறந்துவிட்டது இந்தக் குளுவாங் வட்டாரத் தோட்டத்தில்தான். அதற்கு முன் பல தோட்டங்களில் மகரந்தத்தை டால்க் பவுடரோடு கலந்து, தொழிலாளர்களே ஒவ்வொரு பெண் பூங்குலையிலும் ஊதிக்கொண்டிருந்தார்கள். செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று அன்றைக்கு நம்பினார்கள். பூச்சிகள்தாம் அந்த வேலையைச் செய்கின்றன என்று கேமரூனில் ஆய்ந்து காட்டியவர் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத்.

அந்தப் பூங்குலைகளில் ஒரே ஒரு வண்டு இனம் மட்டும் இருக்கவில்லை. அதே பேரினத்தில் பிளாஜியாட்டஸ், சப்விட்டாட்டஸ், சிங்குலாரிஸ் என்று உறவினங்கள் கலந்து கிடந்தன. வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். மழைக்காலத்திலும் வறட்சியிலும் ஒருசேரத் தாக்குப்பிடிப்பது காமெரூனிகஸ் என்று பிரித்தறிந்து, அதை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். வேறு பயிர்களில் அது இனம்பெருக்காது என்பதையும் சோதித்த பிறகுதான் இறக்கினார்கள். இன்ன வண்டு இன்னது என்று அடித்துச் சொல்ல, பெயர் சூட்டப்பட்ட மூல மாதிரி எங்காவது ஓர் அருங்காட்சியகத்தில் ஊசியில் குத்தியபடி இருந்தாக வேண்டும். பெயர் உறுதியில்லாத பூச்சியை எந்த நாடும் தன் எல்லைக்குள் விடக்கூடாது.

இன்றைக்கு வேறு ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. சில இடங்களில் குலையில் காய் பிடிப்பது சரியில்லை என்கிறார்கள். அடைமழை, இளமரங்களில் ஆண் பூ குறைவது, வண்டுக்குள் வாழும் ஒட்டுண்ணி உருளைப்புழு, ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகியதால் வந்த மரபுக் குறுக்கம் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. வண்டே மாறிவிட்டதா என்று அறிய வேண்டுமானால், பழைய வண்டும் புதிய வண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஆண்டுக்கு ஒரு சின்னக் குப்பி வண்டு, சரியான சாராயத்தில் (எத்தனாலில்), சரியான சீட்டோடு வைக்கப்பட்டிருந்தால் அந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் சில வாரங்களில் விடை கிடைத்துவிடும். செலவு மிகக் குறைவு. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

குளுவாங்கில் இன்னொரு சேகரிப்பும் இருக்கிறது, அது உயிரோடு நிற்கும் சேகரிப்பு. மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வு நிலையத்தில், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து விதையாகக் கொண்டுவந்து நட்ட மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இது ஏன் தேவைப்பட்டது என்றால், இந்தப் பக்கத்துச் செம்பனைத் தாய்மரங்களின் வேர் 1848-இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நட்ட நான்கே மரங்களுக்குப் போகிறது. நான்கு மரத்தின் பிள்ளைகளுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்தால் குடும்பம் எங்கே போகும்? 1973-இல் நைஜீரியாவில் 45 இடங்களில் 919 குலைகளைச் சேகரித்து வந்தார்கள். அதிலிருந்து உயரம் குறைவாக வளரும் மரங்களும், எண்ணெயின் தன்மை மாறுபட்ட மரங்களும் கிடைத்தன. உயரம் குறைந்த மரம் என்றால் என்ன அர்த்தம் என்பதை, 12 மீட்டர் மரத்தில் நீண்ட கம்பால் குலை அறுக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

உயிருள்ள சேகரிப்பில் கெடுவது வேறு மாதிரி. மரத்தில் அடித்த அலுமினியத் தகடு, மட்டையின் அடி உதிரும்போதும் மட்டை வெட்டும்போதும் விழுந்துவிடும். கனோடெர்மா என்ற பூஞ்சை தாக்கி ஒரு மரம் சாய்ந்து, அந்த இடத்தில் வேறு கன்றை நட்டுவிட்டால், எண்ணிக்கை அப்படியே இருக்கும், அடையாளம் மட்டும் தவறிவிடும். ஆகவே நிரை எண், மரம் எண் போட்ட வரைபடம்தான் உண்மையான சேகரிப்பு. தகடு வெறும் நினைவூட்டல். அப்படி அடையாளம் காத்த மரங்கள் இருந்ததால்தான் 2013-இல் செம்பனையின் மரபணுத்தொகுதியையும், ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் ஷெல் மரபணுவையும் வெளியிட முடிந்தது. தடித்த ஓட்டு டூரா, ஓடில்லாத பிசிஃபெரா, இரண்டுக்கும் பிறந்த மெல்லோட்டு டெனெரா. முன்பு கன்று காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, ஓட்டை உடைத்துப் பார்த்துத்தான் கலப்படக் கன்று என்று தெரியும். இப்போது நாற்றங்காலிலேயே ஓர் இலைத்துண்டு போதும்.

செம்பனையை விட்டு ஒரு புன்னை மரத்துக்கு வருவோம். நம் கோயில் குளக்கரைகளில் நிற்கிற புன்னையின் உறவு மரங்களை மலாயில் பிந்தாங்கோர் என்பார்கள். 1987-இல் சரவாக்கின் லுண்டு பக்கத்துக் காட்டில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்துக்காக ஒரு பிந்தாங்கோர் மரத்தின் இலையும் கொப்பும் எடுக்கப்பட்டன. சில ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அந்தச் சாறு எச்.ஐ.வி. கிருமி பெருகுவதைத் தடுத்தது. அதிலிருந்த பொருளுக்குக் கலனோலைடு ஏ என்று பெயர். மேலும் எடுத்து வரலாம் என்று திரும்பிப் போனால், அந்த மரத்தைக் காணோம், வெட்டப்பட்டிருந்தது. சுற்றியிருந்த மற்ற பிந்தாங்கோர் மரங்களை எடுத்து வந்து பார்த்தால், அதே வீரியம் இல்லை. அப்போது கைகொடுத்தது, முதலில் எடுத்தபோதே காகிதத்தில் ஒட்டி வைத்த உலர்ந்த கிளை. அதை நுணுக்கமாகப் பார்த்து, இது கலோஃபில்லம் லானிஜெரம் என்ற இனத்தின் ஆஸ்ட்ரோகோரியாசியம் என்ற வகை என்று அறிந்தார்கள். அதே வகை மரம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் நின்றுகொண்டிருந்தது. உலர்ந்த கிளை ஒன்று இல்லாதிருந்தால், 'சரவாக்கில் ஏதோ ஒரு பிந்தாங்கோர்' என்பதோடு கதை முடிந்திருக்கும்.

நிப்பா காய்ச்சலையும் சொல்லியாக வேண்டும். 1998-இலும் 1999-இலும் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளை ஒட்டிப் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுவுக்கு மருந்தடித்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகு, அது 1994-இல் ஆஸ்திரேலியாவில் கண்ட ஹெண்ட்ரா கிருமியின் உறவு என்று தெரிந்தது. ஹெண்ட்ராவுக்கு எதிரான நோயெதிர்ப்புப் பொருள் சேமிப்பில் இருந்ததால்தான் அந்த ஒப்பீடு நடந்தது. ஹெண்ட்ரா பழவௌவாலில் இருப்பது ஏற்கெனவே பதிவாகியிருந்ததால், இங்கேயும் வௌவால் பக்கம் பார்வை போனது. தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, விழுந்த சிறுநீரையும் கடித்துப் போட்ட பழத்தையும் எடுத்தார்கள். அதில் கிருமி அகப்பட்டது. வௌவாலை ஆர்வலர் யாரும் தொடவே கூடாது, செத்துக் கிடந்தாலும் கூடாது. தூரத்திலிருந்து படமும் இடமும் நேரமும் போதும்.

இனி கைவேலைக்கு வருவோம். முதலில் அனுமதி. தோட்டத்தில் எடுப்பதற்கு நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், காப்புக்காட்டில் வனத்துறையின் பர்மிட் வேண்டும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவது தனி விஷயம். 2017-ஆம் ஆண்டு உயிரியல் வள அணுகல் சட்டம் அதற்கு விதி வைத்திருக்கிறது. அனுமதிக் கடிதம் இல்லாத மாதிரியை நல்ல காப்பகங்கள் வாங்கவே மாட்டா.

கூன்வண்டு எடுப்பது எளிது. ஆண் பூங்குலை விரிந்த மூன்றாம் நாள் காலையில் போங்கள், வண்டு அதிகமாக இருப்பது அப்போதுதான். குலையின் மேல், நடு, அடி என்று மூன்று இடங்களிலும் மும்மூன்று கதிர், ஆக 9 கதிர். பிளாஸ்டிக் பையை முதலில் மெதுவாகக் கதிரின்மேல் போர்த்துங்கள், வாயைக் கையால் இறுக்கிக்கொண்டு பிறகு கதிரை வெட்டுங்கள். வெட்டிவிட்டுப் பையில் போட்டால் பாதி வண்டு பறந்துவிடும், எண்ணிக்கை பொய்யாகும். பையை ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுங்கள். முதுகுச் சிறகு உறையில் இரண்டு புடைப்பு இருந்தால் ஆண், மூக்கு சற்று நீண்டு முதுகு வழவழப்பாக இருந்தால் பெண். எண்ணியதைக் கதிர் வாரியாக எழுதுங்கள், மொத்தமாக மட்டும் எழுதாதீர்கள்.

குப்பியில் போடும்போது மரபணு ஆய்வுக்கு 95 விழுக்காடு எத்தனால் வேண்டும். உருவத்தை மட்டும் பார்ப்பதற்கு 70 விழுக்காடு போதும், உடல் விறைத்து உடையாது. குப்பியில் பூச்சி கால்வாசிக்கு மேல் போகக்கூடாது. பூச்சியின் உடம்பிலிருக்கும் நீர் சாராயத்தை நீர்த்துப்போகச் செய்யும், அதனால் ஒரு நாள் கழித்துப் பழையதைக் கொட்டிப் புதிதாக ஊற்றுங்கள். பலர் விடுகிற தவறு இதுதான். மேலுக்குப் பளிச்சென்று இருக்கும், ஆறு மாதம் கழித்து மரபணு துண்டு துண்டாகியிருக்கும். கை கழுவும் சானிட்டைசர் ஜெல் உதவாது. சாயம் கலந்த ஸ்பிரிட்டும் வேண்டாம்.

பெரிய பூச்சிக்கு ஊசி. தோட்டத்தில் இளங்கன்றின் குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு கையில் கிடைத்தால், ஊசி வலதுபக்கச் சிறகு உறையில் இறங்க வேண்டும், நடுவில் அல்ல. உலகம் முழுக்க வலது என்று வைத்திருப்பதால், இடது பக்கம் எல்லா மாதிரியிலும் பழுதில்லாமல் ஒப்பிடக் கிடைக்கிறது. ஊசி குத்துவதற்கு முன் ஒரு காலைப் பிரித்து எத்தனாலில் போட்டு, இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள். இது வீண் வேலை அல்ல. 1960-களில் மலேசியாவில் இந்த வண்டைத் தாக்கும் கிருமி ஒன்றை ஹ்யூகர் என்ற அறிஞர் கண்டார், அதைச் சமோவாவில் விட்டு அங்கே தென்னையைக் காப்பாற்றினார்கள். பிறகு 2007-இல் குவாம் தீவில் புகுந்த வண்டுக் கூட்டத்துக்கு அந்தக் கிருமி எடுபடவில்லை. பார்வைக்கு அதே வண்டு, ஒரு மரபணுத் துண்டை வைத்துத்தான் வேறு கூட்டம் என்று தெரிந்தது. உங்கள் தோட்டத்து வண்டு எந்தக் கூட்டம் என்பதை அந்த ஒற்றைக் கால் சொல்லும்.

செடி வகைக்கு வருவோம். செம்பனை மரத்தண்டில் மட்டை வெட்டிய இடுக்குகளில் முளைக்கிற பெரணிகள், நிரைகளுக்கு நடுவே படரும் மிக்கானியா, அசிஸ்டேசியா, சின்னக் கருநீலப் பழம் வைக்கும் கிளிடெமியா எல்லாம் நல்ல தொடக்கம். பூவோ காயோ இல்லாத செடியை எடுக்காதீர்கள், பல குடும்பங்களில் இலையை மட்டும் வைத்து இனம் சொல்ல முடியாது. பெரணிக்குப் பூ கிடையாது, அதனால் இலையின் அடிப்பக்கத்தில் பழுப்புப் பொட்டு இருக்கும் ஓலையாகப் பாருங்கள். கிழங்கோடும் அதன் செதிலோடும் எடுங்கள். செடியை அழுத்துவதற்கு முன்பே இரண்டு மூன்று இளம் இலைத்துண்டை ஒரு தேயிலைப் பையில் போட்டு, இலையின் எடைக்குப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் புதைத்துவிடுங்கள். மரபணுவுக்கு அதுதான் உதவும்.

பழைய செய்தித்தாளை இரண்டாக மடித்து நடுவில் கிளையைப் பரப்புங்கள். ஓர் இலையாவது கவிழ்ந்து அடிப்பக்கம் காட்ட வேண்டும். காகித அளவு ஏறத்தாழ 42 க்கு 28 சென்டிமீட்டர், அதைவிடப் பெரிய செடியை ஆங்கில ‘N’ போல மடித்துக்கொள்ளுங்கள். செம்பனை ஓலை போல 6, 7 மீட்டர் நீளமானதை அடி, நடு, நுனி என்று மூன்று துண்டாக எடுத்து ஒரே எண்ணில் 1, 2, 3 என்று குறியுங்கள். முழு நீளம், இருபுறமும் உள்ள சிற்றோலைகளின் எண்ணிக்கை எல்லாம் அளந்து எழுதுங்கள், துண்டை வைத்து அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு செய்தித்தாளுக்கும் இடையே அட்டைப்பெட்டியின் நெளி அட்டை, நெளிவு எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும், அந்தக் குழாய் வழியாகத்தான் சூடான காற்று ஏறும். மேலும் கீழும் பலகை வைத்துப் பட்டையால் இறுக்குங்கள்.

நம் ஊர் ஈரத்தில் வெறுமனே வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். 60 வாட் குண்டு பல்பு இரண்டு எரியும் மரப்பெட்டியின் மேல் இந்தச் செய்தித்தாள் கட்டினை நிமிர்த்தி வைத்தால் 55 பாகை அளவு சூடு ஏறி, மெல்லிய இலைகள் இரண்டு நாளில் காய்ந்துவிடும். இப்போது வரும் எல்.இ.டி. விளக்கு சூடு தராது. செய்தித்தாள் பல்பைத் தொடாதபடி குறைந்தது ஒரு சாண் இடைவெளி விடுங்கள், ஆள் இல்லாதபோது எரியவிடாதீர்கள். காய்ந்ததா என்று பார்க்க இலையைக் கன்னத்தில் வையுங்கள், குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காட்டுக்குள் பல நாள் தங்குகிறவர்கள் செய்தித்தாள் கட்டைத் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, 70 விழுக்காடு சாராயம் ஊற்றிக் கட்டிவிடலாம். வாரக்கணக்கில் அழுகாது. ஆனால் நிறம் போகும், மரபணுவும் கெடும். இலைத்துண்டை முன்பே சிலிக்காவில் எடுக்கச் சொன்னது அதனால்தான்.

இப்போது சீட்டு. நான் அதிகம் எழுத விரும்புவது இதைப் பற்றித்தான். ஒரு மாதிரிக்கு:

மலேசியா, ஜொகூர், குளுவாங் மாவட்டம். செம்பனைத் தோட்டம், பிளாக் 14, 2009 நடவு, நிரை 22.
வடக்கு 2.xxxx, கிழக்கு 103.xxxx (உங்கள் இடத்தின் இலக்கங்கள்), பிழை 20 மீட்டர்.
2025-03-14, காலை 8:30, முந்திய இரவு மழை.
ஆண் பூங்குலை, விரிந்து 3-ஆம் நாள், 9 கதிர், நடுக் கதிரிலிருந்து இந்தக் குப்பி.
எடுத்தவர் முழுப் பெயர், அவருடைய வரிசை எண் 37.

நாளை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதச் சொல்வது ஏன் தெரியுமா? 03/04/2025 என்றால் மலேசியர் ஏப்ரல் என்பார், அமெரிக்கர் மார்ச் என்பார். இடத்துக்குத் தசமத்தில் நான்கு இலக்கம் போதும், அது 11 மீட்டருக்குள் துல்லியம். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் ஆடும், அதற்குள் பல பிளாக் வந்துவிடும். கைப்பேசி ஒரு இடத்தைக் காட்டினாலும் செம்பனை நிழலில் அது தடுமாறும், ஆகவே பிழையளவையும் எழுதுங்கள். 'குளுவாங்' என்று மட்டும் எழுதியிருந்தால், பிறகு ஒருவர் ஊர் நடுவிலுள்ள புள்ளியை வைத்துவிடுவார். வரைபடத்தில் உங்கள் வண்டு ரயில் நிலையத்தில் பிடிபட்டதாக ஆகிவிடும்.

ஊர்ப்பெயர் மாறும் என்பதை மறக்கக் கூடாது. தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது. பத்தாங் பெர்ஜுந்தை இன்றைக்குப் பெஸ்தாரி ஜெயா. தோட்டங்கள் கைமாறும்போது பெயரும் மாறும், மறுநடவு செய்யும்போது பிளாக் எண்களும் மாறிவிடும். நம் மக்கள் வைத்த தமிழ்ப் பெயர்களோ எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. பழைய அறிக்கைகளிலும் சீட்டுகளிலும் இருக்கும் இடங்களை இன்றைய நிலத்தில் பொருத்த, வயதானவர்களின் நினைவைவிட நல்ல கருவி இல்லை. "தாத்தா, அந்தக் காலத்துல அஞ்சாம் நம்பர் காடு எங்க இருந்துச்சு?" என்று கேட்டு, கையோடு கூட்டிப்போய்ப் புள்ளியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். செடிக்குத் தோட்டத்தில் வழங்கும் பெயர், எதற்குப் பயன்பட்டது என்பதையும் சொன்னவரின் சம்மதத்தோடு சீட்டில் எழுதுங்கள். அறிவியல் பெயர் நாளைக்குத் திருத்தப்படலாம், சொன்ன வார்த்தை அப்படியே இருக்கட்டும்.

காய்ந்தால் மறைவதையெல்லாம் அன்றே எழுத வேண்டும்: பூவின் நிறம், மணம், பால் வடிகிறதா, என்ன நிறத்தில், மரத்தின் உயரம். கிரபைட் பென்சில் சாராயத்தில் அழியாது. பந்துமுனைப் பேனா ஒரே வாரத்தில் கரைந்து ஊதா நீராகும், லேசர் பிரிண்டர் எழுத்தும் சாராயத்தில் உதிரும். சீட்டு குப்பிக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே ஒட்டியது நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கழன்றுவிடும்.

காய்ந்த மாதிரிக்குப் பெரிய எதிரி சிகரெட் வண்டு. மசாலாத் தூளில் ஓட்டை போடுகிற அதே சின்னப் பழுப்பு வண்டுதான். அந்துருண்டை போட்டால் போதும் என்ற நம்பிக்கை தவறு, உள்ளே இருக்கும் புழுவை அது கொல்லாது. மாதிரியை இரட்டைப் பையில் கட்டிக் குளிரில் வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 பாகைதான் தரும், அதனால் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் குளிர்ந்த இலையின்மேல் ஈரம் கோத்துப் பூஞ்சணத்துக்கு விருந்தாகும்.

மாதிரி வீட்டிலேயே இருந்தால் அது நம்மோடு முடிந்துவிடும். இரட்டையாக எடுத்து ஒன்றைக் கெப்போங் வன ஆய்வு நிலையத்தின் காப்பகம் போன்ற பெரிய இடத்தில் சேர்க்கப் பாருங்கள். அங்கே 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தாவர மாதிரிகள் இருக்கின்றன. இரண்டு இடத்தில் வைப்பது ஏன் என்பதற்கு 2018 செப்டம்பர் 2-ஆம் தேதி எரிந்த பிரேசில் தேசிய அருங்காட்சியகமே சாட்சி. சுமார் 2 கோடிப் பொருள்களில் பெரும்பகுதி ஒரே இரவில் போனது. வேறு நாடுகளுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்த இரட்டை மாதிரிகள் தப்பின.

தரவுத்தளம் என்றால் முதலில் உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஃப் (GBIF). 2001-இல் தொடங்கிய பன்னாட்டு அமைப்பு, 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை இலவசமாகத் தருகிறது. உயிரின் அறிவியல் பெயரை இட்டு, நாடு மலேசியா என்று தேர்ந்து, பதிவின் வகையில் 'பாதுகாக்கப்பட்ட மாதிரி' என்று வடிகட்டுங்கள். கண்ணால் பார்த்த பதிவும் அங்கே உண்டு, இரண்டையும் கலக்காதீர்கள். இலவசக் கணக்கு திறந்து பதிவிறக்கினால், அந்தப் பதிவிறக்கத்துக்கே நிலையான அடையாள எண் கிடைக்கும். கட்டுரையிலோ பள்ளித் திட்டத்திலோ அந்த எண்ணைக் கொடுத்தால், வேறு ஒருவர் அதே தரவை அப்படியே எடுத்துச் சரிபார்க்கலாம்.

வந்ததை அப்படியே நம்பிவிடக் கூடாது. அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். மலேசியாவில் இது எளிது, 103 அகலாங்காக இருக்கவே முடியாது. இரண்டும் பூச்சியமாக இருந்தால், மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் ஒரு மலேசியப் பெரணி முளைத்திருக்கும். ஒரே புள்ளியில் நூற்றுக்கணக்கான பதிவு குவிந்தால், அது மாநிலத் தலைநகரையோ ஆய்வு நிலைய வாசலையோ குறிக்கும். ஒரே கிளையின் இரட்டைகள் மூன்று நாட்டில் இருந்தால் மூன்று பதிவாகத் தெரியும். எடுத்தவர் பெயரையும் வரிசை எண்ணையும் வைத்து அவற்றை ஒன்றாக்குங்கள். வரிசை எண் ஏன் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில்.

பெயரும் தவறாக இருக்கலாம். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆஃப்ராமோமம் என்ற ஆப்பிரிக்க இஞ்சிக் குடும்பச் செடியின் சுமார் 4,500 மாதிரிகளைப் பார்த்தது. அண்மைத் திருத்தத்துக்கு முன்பு 58 விழுக்காட்டில் பெயர் தவறாக இருந்ததாகக் காட்டியது. இதைப் படித்துச் சேகரிப்பே வீண் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தத் தவறு கண்டுபிடிக்கப்பட்டதே மாதிரி அங்கே இருந்ததால்தான். மாதிரியின் பின்பலம் இல்லாத பட்டியலில் பெயர் தவறானால் எதை வைத்துத் திருத்துவது? ஆகவே உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் நேரே மாதிரி எண்ணும் அது இருக்கும் இடமும் வர வேண்டும். பெயர் சொன்னவர் யார், எந்த ஆண்டு என்பதற்குத் தனிப் பத்தி வையுங்கள். பழைய பெயரை அழிக்காதீர்கள், கீழே புதிய வரியாகச் சேருங்கள். எக்செல் தேதியைத் தன் விருப்பத்துக்கு மாற்றும், அதனால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் இடுங்கள்.

தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டமாகிக்கொண்டிருக்கும் நேரம் இது. உங்கள் ஊரில் மறுநடவுக்கோ விற்பனைக்கோ ஒரு தோட்டம் போகப்போகிறது என்று தெரிந்தால், டோசர் வருவதற்கு முன் இரண்டு காலைப்பொழுது போதும். பழைய நிரைகளின் தண்டிலிருக்கும் பெரணிகளையும், ஓடைக்கரைச் செடிகளையும், ஆண் பூங்குலையிலிருந்து ஒரு குப்பி வண்டையும் எடுத்துவிடலாம். தோட்டக் கிராணி (எழுத்தர்) அலுவலகத்தில் பழைய மழையளவுப் புத்தகம் இருந்தால், கேட்டு ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். மழைமானி நின்ற இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் முதல் பக்கப் படத்தோடு சேர்த்துக் குறியுங்கள்.